கூட்டம் இல்லை, சும்மா போகிறோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்திப்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். ரயிலுக்காக அல்ல. எங்கள் ஊரில் பெண்கள் உட்கார்ந்து பேசினால் யாரும் ஏன் என்று கேட்காத இடம் அது ஒன்றுதான். வண்டிக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாலு பேரும் ஒன்றாகப் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள். ஒருத்தி டெய்லர். ஒருத்தி அங்கன்வாடியில் இருக்கிறாள். ஒருத்தி கன்டெய்னர் யார்டு ஆபீசில் டேட்டா என்ட்ரி. நான் இயக்க வேலை. மூவரின் பெயரையும் போடக்கூடாது என்பது கண்டிஷன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

டெய்லர் நடத்திய சீட்டு அன்றைக்குத்தான் முடிந்திருந்தது. ஆளுக்கு மாதம் 500 ரூபாய், 16 மாதம், மொத்தம் 32,000. இது கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போட்ட சீட்டு இல்லை. நாலு பேரும் ஒருதபா எங்கேயாவது போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்று போட்டது. எங்கே என்பதை மட்டும் 16 மாதமாக முடிவு செய்யவே இல்லை.

"கிங்ஸ்டன் போலாம்டி" என்றாள் யார்டு ஆபீஸ்காரி.

காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களுக்கு வந்து போகிற பெட்டிகளின் ஊர்களை நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் அடிப்பவள் அவள். கொழும்பு, சிங்கப்பூர், ராட்டர்டாம் எல்லாம் அவளுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. எப்போதோ ஒரு பெட்டிக்கு ஜமைக்காவின் கிங்ஸ்டன் என்று அடித்திருக்கிறாள். அன்றிலிருந்து போனில் அந்தத் தீவின் படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பச்சைக் கடல், வெள்ளை மணல், தென்னை மரத்தில் கட்டிய தூளி, அதில் யாரோ ஒரு பெண் சும்மா படுத்திருக்கிறாள். "அவளைப் பார்த்தாத்தான் எனக்கு வயிறு எரியுது. கடல நான் பார்க்காததா?" என்றாள்.

ரொம்ப நேரம் சிரித்தோம். டிக்கெட் விலையைத் தேடினோம். ஒரு ஆள் போய்வரவே எங்கள் மொத்தச் சீட்டும் மூன்று மடங்காக வேண்டும். "பெட்டிக்குள்ள ஏத்தி சீல் வச்சிடு, போயிடறோம்" என்றாள் அங்கன்வாடி.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஏற்கெனவே அப்படித்தான் போனார்கள் என்று ஆரம்பித்தேன்.

இளைய தோழர்களில் பலருக்கு மலேயா தெரியும், இலங்கை தெரியும். கரீபியன் அவ்வளவு தெரியாது. பிரிட்டிஷ்காரன் 1834இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தான். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் 1845இல் டிரினிடாட், ஜமைக்காவுக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் போயின. கல்கத்தாவில் ஏறியவர்கள் அதிகம் என்றாலும் சென்னையிலும் ஏற்றினார்கள். 1853இல் மார்த்தினிக், 1854இல் குவாதலூப் என்று பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். தெற்கிலிருந்து போனவர்களில் சேரி ஜனங்கள் நிறையப் பேர். பஞ்சமும் பண்ணையாரும் ஒரு பக்கம், கடல் இன்னொரு பக்கம். அந்தத் தீவுகளில் இன்றைக்கும் மாரியம்மனுக்குக் கடா வெட்டுகிறார்கள். குவாதலூப்பில் கறி மசாலாவுக்குப் பெயரே 'கொலம்போ'.

நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு விதி போட்டிருந்ததால் பெண்களையும் தேடித் தேடிப் பிடித்தார்கள். விதவைகள், புருஷன் விட்டுப்போனவர்கள், ஊரை விட்டே ஓடிவந்தவர்கள் எனத் தனியாக ஏறிய பெண்கள் பலர். கயூத்ரா பகதூர் என்ற எழுத்தாளரின் கொள்ளுப்பாட்டி 1903இல் கர்ப்பிணியாக, தன்னந்தனியாகக் கல்கத்தாவில் கயானாக் கப்பல் ஏறியவர். அவர் தடத்தைத் தேடிப்போய் 'கூலி உமன்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார் பகதூர். தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் வெளியே நடமாட எழுத்துமூலம் ஒரு பாஸ் வேண்டும். பாஸ் இல்லாமல் பிடிபட்டால் ஜெயில். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற தங்கச்சியைப் பார்க்கப் போவதற்கும் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும்.

"முடிஞ்சுதா?" என்றாள் டெய்லர். "உன்னோட வந்தா கடல்ல காலு வைக்கிறதுக்கு முன்னாடி ஒருமணி நேரம் வகுப்பு எடுப்ப. சரி, பாஸுன்னு சொன்னியே, எங்க வூட்டுக்காரரு கையெழுத்துக்கு இன்னா பண்றது?"

அங்கேதான் விஷயம் வந்தது.

அவர்கள் மூவரும் எனக்குத் தெரியாமல் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். வீட்டில் ஊர் சுற்றப் போகிறோம் என்று சொல்ல முடியாது. மகளிர் பயிற்சி முகாம், இரண்டு நாள், இயக்கம் நடத்துகிறது என்று சொல்லிவிடலாம். நான் ஒரு போன் போட்டு, "ஆமாண்ணா, முகாம்தான், நான் கூட்டிட்டுப் போய் பத்திரமா கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொன்னால் போதும்.

எனக்குக் கோபம் வந்தது. இயக்கத்தின் பெயரில் பொய் சொல்வதா என்றேன். நாளைக்கு உண்மையாகவே முகாம் என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டால் அந்த வீட்டில் நம்புவார்களா என்றேன். அது சரியான கேள்விதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அங்கன்வாடி தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "நீ மதுரைக்குப் போற. நாக்பூருக்குப் போற. டெல்லிக்குக்கூடப் போயிட்டு வந்த. மாநாடுன்னு சொல்லிட்டுத்தானே போற? அங்க கூட்டம் முடிஞ்சதும் டீ குடிச்சிக்கிட்டு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் கதை பேசறேன்னு நீதானே சொன்ன? நாங்க எந்த மாநாட்டுக்குப் போறது?"

பதில் சொல்ல முடியவில்லை. கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது, போனது. கலைந்துவிட்டோம்.

அந்த வாரம் மாணவர் வாசிப்பு வட்டத்தில் அண்ணல் அம்பேத்கரின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' எடுத்திருந்தோம். தௌலதாபாத் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். கோட்டை வாசல் குளத்தில் முகமும் காலும் கழுவிய குற்றத்துக்காகக் கும்பல் கூடி மிரட்டிய கதை. உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, காவலுக்கு ஒரு ஆயுதச் சிப்பாயையும் கூட அனுப்பினார்கள். நான் அதைப் பத்துத் தடவையாவது மேடையில் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் குளத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஒரு முதலாம் ஆண்டு மாணவி கேட்டாள்: "அக்கா, இவங்க எதுக்கு அங்க போனாங்க?"

நான் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போனார்கள். 1934. இயக்கத் தோழர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு சுற்றுலா போகலாமே என்று ஆசைப்பட்டு அவரையும் கூப்பிடுகிறார்கள். அவரும் சரி என்கிறார். வேரூள் பௌத்தக் குகைகளைப் பார்ப்பதாகத் திட்டம். பஸ்ஸில் பயணம். அவ்வளவுதான். போராட்டமும் மாநாடும் அதில் இல்லை. மகத் குளத்துக்குப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது, பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருஷம். அந்த மனிதர் நண்பர்களோடு கோட்டை பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்.

இன்னொன்றும் அதில் இருந்தது. வழியில் தொந்தரவு வரக்கூடாது என்பதற்காகத் தாங்கள் யார் என்பதை வெளியே சொல்லாமலேயே பயணம் செய்வது, தங்கும் ஊர்களில் மட்டும் நம் ஜனத்துக்குத் தெரிவிப்பது என்று முடிவெடுத்திருந்தார்கள். பத்துத் தடவை மேடையில் சொன்னவளுக்கு இது கண்ணிலேயே பட்டதில்லை.

அதற்காகப் பொய் சொல்லலாம் என்று நான் வாதாட வரவில்லை. அவர்கள் மறைத்தது சாதிக்காரர்களிடம். எங்கள் தோழிகள் மறைக்க வேண்டியிருப்பது சொந்த வீட்டில், அதுவும் நீலத் துண்டு போட்டுக்கொண்டு ஏப்ரல் 14 அன்று மாலை போடப் போகிற வீட்டில். இதை எழுதினால் சில அண்ணன்கள் வருத்தப்படுவார்கள். படட்டும். பெண்டாட்டியை முகாமுக்கு அனுப்புவதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், அவள் சும்மா இரண்டு நாள் சிரித்துவிட்டு வருவதற்கு ஏன் காரணம் கேட்கிறார்கள்? வேலைக்குப் போகலாம், போராட்டத்துக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், துக்கத்துக்குப் போகலாம். சும்மா மட்டும் போகக்கூடாது. ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பதை 1945இல் சட்டமாகக் கொண்டுவந்தது அண்ணல் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில்தான். எட்டு மணி நேர வேலையைப் பற்றிப் பேசும் நாம் இந்த விடுமுறைச் சட்டத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை.

அடுத்த ஞாயிறு அதே பெஞ்ச். நான் போன் போட மாட்டேன், ஆனால் நானும் வீட்டில் கூட்டம் என்று சொல்ல மாட்டேன் என்றேன். என் அம்மாவிடம் நானும் இத்தனை வருஷம் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கூட்டத்தைத்தான் காட்டியிருக்கிறேன். நாலு பேரும் உண்மையையே சொல்வது, வருவது வரட்டும் என்று முடிவானது.

ஆனால் தீவுதான் வேண்டும் என்று யார்டு ஆபீஸ்காரி ஒற்றைக் காலில் நின்றாள். கொசஸ்தலை ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் அந்தப் பக்கம் காட்டுப்பள்ளியே தீவுதானே, அங்கே போங்களேன் என்று அவள் தம்பி கிண்டல் செய்தானாம். துறைமுகம், அனல்மின் நிலையச் சாம்பல், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் அங்கே இருக்கின்றன. நாங்கள் மூன்று பேர் வேலைக்காக அங்கே போயிருக்கிறோம். கேட் பாஸ் எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள்.

கடைசியில் பாம்பன் தீவு. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் வழியாகக் கடலுக்கு மேலே போவோம், தனுஷ்கோடியில் ஒரு நாள், ஞாயிறு ராத்திரி திரும்பும் ரயில். 32,000இல் மிச்சமும் இருக்கும். ராமேஸ்வரம் என்றதும் டெய்லரின் மாமியார், "கோயிலுக்கா? தாராளமா போயிட்டு வா" என்று மலர்ந்துவிட்டாராம். "இல்ல அத்தை, கோயிலுக்கு இல்ல, கடல் பார்க்க" என்று இவள் சொன்னதும் முகம் மாறிவிட்டது. ஒரு நொடி தலையாட்டியிருந்தால் போதும், வேலை முடிந்திருக்கும். அவள் தலையாட்டவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ரூம் போடுவது என் பொறுப்பு. எனக்கு இதில் ஒரு பழைய பயம் உண்டு. சில வருஷத்துக்கு முன் ஒரு ஊரில், நானும் இன்னொரு தோழரும் லாட்ஜ் கவுன்ட்டரில் ஆதாரைக் கொடுத்தோம். அவர் முகவரியைப் படித்தார், அதில் 'காலனி' இருந்தது. ரிஜிஸ்டரை மூடிவிட்டு ரூம் எல்லாம் புக் ஆகிவிட்டது என்றார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஏசியா, சாதாவா என்று கேட்டவர். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் நாலு பேர் ஆதாரிலும் இன்னும் அப்படியே இருக்கிறது.

அதனால் போனில் முதலிலேயே கேட்டுவிட்டேன். நாலு பேர், எல்லாம் லேடீஸ், ஆம்பளை யாரும் கூட வரவில்லை, ஆதார் இருக்கிறது, பரவாயில்லையா? எந்த ஊர் என்றார் அந்த முனையில் இருந்த பையன். அத்திப்பட்டு என்றேன்.

"சிட்டிசன் படத்துல வருமேக்கா, மேப்லயே இல்லாம போயிடுமே, அந்த ஊரா?"

2001இலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அது அத்திப்பட்டி, எங்களுடையது அத்திப்பட்டு, இன்னும் மேப்பில் இருக்கிறது என்றேன். பையன் சிரித்தான். அட்வான்ஸ் 1,000 ரூபாய் அனுப்பச் சொன்னான். அனுப்பிவிட்டேன்.

இதை எழுதுகிற நேரத்தில் நிலவரம்: டெய்லரின் வீட்டுக்காரர் இரண்டு நாளாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "அப்ப சோறு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். குக்கரில் எத்தனை விசில் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். யார்டு ஆபீஸ்காரிக்கு லீவு கிடைத்துவிட்டது. அங்கன்வாடி இன்னும் வீட்டில் சொல்லவில்லை, இந்த வாரம் சொல்லிவிடுவதாகச் சொல்கிறாள். அவளுக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டாயிற்று. மூன்று கன்ஃபர்ம், ஒன்று ஆர்ஏசி. ஆர்ஏசியில் நான் உட்கார்ந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.