கறுப்பனுக்கு ஒரு கழுத்துத் துணி

"தனக்கு ஜாக்கெட் தைக்க நேரமில்லைங்கறா, நாய்க்குத் துணி தைக்கிறாளாம்!"

என் மாமியார் திண்ணையில் வெற்றிலை மடித்தபடி இப்படிச் சொன்னது, 2025 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால். சொன்னதில் தப்பில்லை. வெட்டிப் போட்ட ஜாக்கெட் துணி மூன்று, தையல் மெஷின் டிராயரில் ஆறு மாதமாகத் தூங்கிக் கொண்டிருந்தது.

எல்லாம் என் மகள் செய்த வேலை. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மாட்டுப் பொங்கலுக்காகப் பசுவின் கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு நரசிங்கம்பேட்டை நெட்டி மாலை என்று அவள் அப்பா வாங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, "கறுப்பனுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாதா?" என்று ஆரம்பித்தாள். செல்போனில் ஏதோ ஒரு நாய், முக்கோணக் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி வேண்டுமாம்.

கறுப்பன் விலை கொடுத்து வாங்கிய நாய் இல்லை. திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். களத்துமேட்டுக்குக் குட்டியாக வந்து சேர்ந்தவன், அங்கிருந்து எங்கள் வாசலுக்கு வந்துவிட்டான். "வைரவர் வாகனம், விரட்டாதே" என்று சோறு வைத்தது சாட்சாத் என் மாமியார்தான்! கன்னங்கரேல் என்று இருப்பான். ராத்திரியில் பல்லும் கண்ணும்தான் தெரியும்.

மீதமிருந்த ரோஸ் சாட்டின் துணியில் ஒரு முக்கோணம் வெட்டி, ஓரத்தில் ஜரிகை லேஸ் வைத்து, இரண்டு பக்கமும் நாடா தைத்தேன். ஓடி ஆடுகிறவனாயிற்றே, அவிழ்ந்து விழக்கூடாது என்று இரட்டை முடிச்சு. மாட்டுப் பொங்கலன்று தெருவே சிரித்தது. என் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்?

மறுநாள் விடியற்காலை நாலரை மணி. பால் கறக்கப் போன அத்தை கொல்லையிலிருந்து கூப்பிட்டார்: "கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு ஓடியா!"

வேலிக்கு அடியில் நுழைந்திருக்கிறான். லேஸ் முள்ளில் மாட்டிக்கொண்டது. அவன் இழுக்க இழுக்க, முடிச்சு இறுகிவிட்டது. குரைக்கக்கூட முடியவில்லை, 'கர் கர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அத்தை அவன் தலையைப் பிடித்துக்கொள்ள, எந்தக் கத்தரியால் தைக்க வெட்டினேனோ அதே கத்தரியால் அதை அறுத்து எடுத்தேன். என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அத்தை திட்டவில்லை. "வாயில்லா ஜீவன். அதுக்கு அவுத்துக்கத் தெரியாது. நாமதான் பாத்துக் கட்டணும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இனி இந்த வேலையே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சம்பா அறுவடை ஆரம்பித்ததும் மனசு கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தார் ரோட்டில்தான் நெல்லைக் காய வைக்கிறோம். ராத்திரி காவலுக்கு ஆள் படுத்தால், ரோட்டின் வெதுவெதுப்புக்கு நாயும் பக்கத்தில் சுருண்டுகொள்ளும். 2022 குறுவை அறுவடையின்போது, எங்கள் பழைய நாய் செம்பன் அப்படிப் படுத்திருந்துதான் ஒரு வண்டியில் அடிபட்டுச் செத்தான். செம்மண் நிறத்தவனே கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்பன் எப்படித் தெரிவான்?

புனேயில் சாந்தனு நாயுடு என்ற இளைஞர் இதே காரணத்துக்காக, விளக்கு வெளிச்சம் பட்டால் மின்னும் கழுத்துப் பட்டைகளைத் தெருநாய்களுக்குச் செய்து மாட்டியதைப் படித்திருந்தேன். துணி வாங்கக் காசில்லாமல், வீடு வீடாகப் பழைய ஜீன்ஸ் கேட்டு வாங்கித் தைத்தார்களாம். பிறகு ரத்தன் டாட்டாவே அந்த முயற்சிக்குக் கைகொடுத்தார். அவர்களால் முடிந்தது, ஒரு நாய்க்கு என்னால் முடியாதா?

துணி தேடியபோது அத்தை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் சுங்குடிச் சேலை ஒன்றைக் கொடுத்தார். "இதுல தை. பத்து வருஷம் தோய்ச்ச சேலை. உறுத்தாது, சாயமும் போவாது."

நீங்களும் தைக்க நினைத்தால், அளவைச் சொல்கிறேன். முதலில் நாயின் கழுத்தை நூலால் அளந்துகொள்ளுங்கள். கறுப்பனுக்கு 14 அங்குலம். இரண்டு விரல் தாராளமாக நுழைய ஒன்றரை அங்குலம், ஒன்றன்மேல் ஒன்று படிய ஒன்றரை, மடிப்புக்கு ஒன்று; ஆக 18 அங்குல நீளம், 3 அங்குல அகலத்தில் ஒரு பட்டை. 7 அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம். வெட்டிய பக்கம் கிராஸ் என்பதால் இழுத்தால் நீளும். அதனால் இழுக்காமல், நீளவாட்டில் மடித்த பட்டைக்கு நடுவே வைத்து இரண்டு தையல் ஓட்டுங்கள். மற்ற இரண்டு ஓரத்தையும் முன்பே மடித்துத் தைத்துவிட வேண்டும். பட்டையின் வெளிப்புறம் சுற்றிலும் ரிஃப்ளெக்டர் டேப். ஒட்டுகிற வகை வேண்டாம், துணியில் தைக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

முக்கியமான விஷயம், முடிச்சு கூடாது. இரு முனையிலும் ஒன்றரை அங்குலம் வெல்க்ரோ. எங்காவது மாட்டிக்கொண்டு இழுத்தால் 'பர்'ரென்று கழன்று வர வேண்டும். நானே நாலு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் அவனுக்குக் கட்டினேன். இதில் சங்கிலி மாட்டாதீர்கள். லேஸ், மணி, குஞ்சலம் எதுவும் வேண்டாம். எதையும் கடித்து விழுங்கும் வயதுக் குட்டிக்குத் துணியே வேண்டாம்.

தினமும் காலையில் அவிழ்த்துவிடுகிறேன், நனைந்தால் உடனே. ஈரத்துணி கழுத்தில் கிடந்தால் புண்ணாகும். இதில் ஒரு லாபமும் உண்டு. அவிழ்க்கிற சாக்கில் கழுத்து, காது மடல் எல்லாம் தடவிப் பார்த்துவிடுகிறேன். முதல் வாரமே காதுக்குப் பின்னால் உண்ணிகள் அகப்பட்டன.

அந்த வாரம்தான் இன்னொன்றும் நடந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை, அதுவரை கறுப்பனைக் கண்டால் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான். மஞ்சள் துணியைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டான்! அவன் அம்மா பதறி, "அக்கா, இதுக்கு ஊசி போட்டாச்சுல்ல?" என்று கேட்டாள்.

நான் பேசாமல் நின்றேன். போடவில்லையே!

துணி கட்டிய நாயைப் பார்த்தால், 'இது வீட்டு நாய், பயமில்லை' என்றுதான் குழந்தைகள் நினைக்கும். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். அது பொய்யாக இருந்தால்? வெறிநோய் அறிகுறி வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. மறுநாளே என் வீட்டுக்காரரோடு கறுப்பனை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போய்த் தடுப்பூசி போட்டோம். அன்றே முழுக் காப்பு வந்துவிடாது, சில வாரம் ஆகும், வருஷா வருஷம் மறுபடி போட வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஒரு மாதம் பகலில் துணியைக் கழற்றி வைத்துவிட்டு, ராத்திரிக்கு மட்டும் கட்டினேன்.

தாய்மார்களே, ஊசி போட்ட நாயாக இருந்தாலும், அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தையை நெருங்க விடாதீர்கள். கடித்தாலோ, பல் கீறினாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் பாட்டிமார் பயந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். சொல்கிற தேதிகளில் தவறாமல் போய்ப் போட்டுக்கொண்டால் போதும்.

மாசி மாதம் ஒரு ராத்திரி. நெல் காவலுக்குப் படுத்திருந்த என் வீட்டுக்காரருக்குச் சுக்குக் காப்பி எடுத்துப் போனேன். தூரத்தில் ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சம் பட்டதும், நெல் குவியல் ஓரத்தில் வளையல் மாதிரி ஒன்று பளிச்சென்று மின்னியது. லாரி வேகம் குறைந்து, ஒதுங்கி, மெல்லக் கடந்து போனது. கறுப்பன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தச் சேலையில இன்னும் துணி கெடக்கில்ல? களத்துமேட்டுல ரெண்டு நாய் திரியுது. அதுங்களுக்கும் ஊசியைப் போட்டுட்டு, தைச்சிடு" என்றார்.

என் ஜாக்கெட்டுகள் இன்னும் டிராயரில்தான் இருக்கின்றன!