இறங்கித் தள்ள முடியாத வண்டி

"அந்த பேட்டரி சைக்கிள் இன்னும் ஓடுதா?" என்று போன வாரம்கூட ஒரு தோழர் கேட்டார். ஓடுகிறது. ஆனால் முதலில் நாங்கள் கட்டிய வண்டி அல்ல அது. பிரேமும் மோட்டாரும்தான் பழையவை. மீதி எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். ஏன் மாற்ற வேண்டி வந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறோம்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு காலனிகளில் இரவுப் பாடசாலை நடத்துகிறோம். ஒரு காலனியில் குடியிருக்கும் அக்கா ஒருவர்தான் இன்னொரு காலனிக்குப் போய்ப் பாடம் எடுக்கிறார். ஒரு பக்கம் ஆறரை கிலோமீட்டர். வகுப்பு முடியும்போது பேருந்து கிடையாது. அக்காவிடம் இருந்தது மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லா மாணவர்களுக்குமாக விரிந்த திட்டம் அது. மகள் கல்லூரிக்குப் போனதும் சைக்கிள் அம்மாவுக்கு வந்தது. அவருக்கு முட்டிவலி. எனவே மோட்டார் போட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். 250 வாட்டுக்குக் குறைவாகவும் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளும் இருந்தால் உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். மூன்று பேர் பையிலிருந்தும் காசு போட்டு, இணையத்தில் இருப்பதிலேயே விலை குறைந்த கிட்டை வாங்கினோம். பின்சக்கர ஹப் மோட்டார், கண்ட்ரோலர், திராட்டில், மூன்று 12 வோல்ட் ஈய பேட்டரி.

அந்த மூன்று பேட்டரியும் சேர்ந்து பன்னிரண்டு கிலோ. அதையெல்லாம் பின் கேரியரில் ஏற்றிக் கட்டினோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சாலை ஊர்த்தெரு வழியாகப் போகிறது. முந்நூறு மீட்டர் இருக்கும். ஒரு கோயில், ஒரு டீக்கடை, திண்ணை வைத்த வீடுகள். அந்தத் தெரு வந்ததும் அக்கா இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். கடைசி வீடு தாண்டியதும் ஏறிக்கொள்வார். இன்றைக்கு யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. அவருடைய அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெரு அது, அவ்வளவுதான். நாங்கள் கூடப் போன நாட்களில் இதைப் பார்த்திருக்கிறோம். பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறோம், பேசியதில்லை. சமூகவியல் முதுகலையில் இதற்குப் பத்து கலைச்சொற்கள் படித்துவிட்டு, தெருவில் நாங்களும் அவரோடு இறங்கி நடந்தோம்.

மோட்டார் போட்ட பிறகு அக்கா இறங்குவதை விட்டுவிட்டார். துணிச்சல் வந்துவிட்டது என்று நாங்கள் பூரித்துப் போனோம். பிறகு கேட்டபோது சிரித்தார். "இறங்குனா தள்ள முடியல தம்பி. எவ்ளோ கனம் தெரியுமா? ரெண்டு நாள் தள்ளிப் பார்த்தேன், இடுப்பு புடிச்சிகிச்சி. போடான்னு ஏறி உக்காந்துட்டேன்."

ஒரு மாதத்திற்குள் டயரில் காற்று பிடுங்கப்பட்டது. இரண்டு முறை. பாடசாலைக்கு வெளியே நிறுத்திய வண்டி. சரி, சின்னப் பையன்கள் என்று விட்டோம். அப்புறம் ஒரு இரவு, திரும்பி வரும்போது வண்டி தானாக முழு வேகம் எடுத்தது. அக்கா பிரேக்கை அழுத்தினார், மோட்டார் நிற்கவில்லை. வாய்க்காலில் விழுந்து இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

மறுநாள் காலை நாங்கள் செய்த முதல் காரியம்தான் பெரிய தவறு. திராட்டிலிலிருந்து கண்ட்ரோலருக்குப் போகும் கறுப்பு வயர் அறுந்திருந்தது. அதுதான் எர்த். அது அறுந்தால் மலிவான கண்ட்ரோலர்கள் சில, திராட்டிலை முழுதாக முறுக்கியதாக எடுத்துக்கொள்ளும். அறுந்த முனை பிளேடால் வெட்டியதுபோல நேராக இருந்தது என்று எங்களில் ஒருவர் சொல்லச் சொல்ல, இன்னொருவர் அதைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி முடித்துவிட்டார். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

காவல் நிலையத்தில் அதிகாரி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் டேப். பாதி ஜாயிண்ட் நாங்களே முறுக்கியது. பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் வயரை நாங்கள் இணைக்கவே இல்லை. கிட்டோடு வந்த பிரேக் பிடி அந்த சைக்கிளுக்குச் சேரவில்லை என்று மூலையில் போட்டிருந்தோம். "நீங்களே ஒட்டுப்போட்டு ஓட்டிட்டு ஊர்க்காரன் மேல சொல்றீங்க" என்றார். முதல் தகவல் அறிக்கை இல்லை. மனு ரசீதோடு அனுப்பினார்.

சட்டம் எங்களுக்குத் தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பு போடுவதையும், புதுத்துணி உடுத்துவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் 18ஏ பிரிவும் வந்துவிட்டது. இதையெல்லாம் அவரிடம் சொன்னோம். அவர் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பதிந்திருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அன்றைக்கு எங்களுக்கு உறைத்தது இதுதான்: ஒழுங்காகக் கட்டாத வண்டியில் வெட்டும் பழுதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

பிறகுதான் வண்டியை முழுதாகப் பிரித்தோம்.

முதலில் அச்சு. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதே விசையில் அச்சு பின்னால் சுழலப் பார்க்கும். நட் தளர்ந்தால் அச்சு சுற்றி, அதன் உள்ளே வரும் வயரையே முறுக்கி அறுத்துவிடும். லேத் பட்டறையில் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் அச்சின் தட்டைப் பக்கத்துக்குச் சரியாகக் காடி வெட்டி, இரண்டு பக்கமும் பிரேமோடு போல்ட் போட்டோம். பின்சக்கர ஸ்போக்குகள் ஏற்கெனவே நான்கு உடைந்திருந்தன. எல்லாவற்றையும் தடிமனான ஸ்போக்காக மாற்றினோம்.

அடுத்து வயர். முறுக்கிய ஜாயிண்ட் ஒன்றுகூட இல்லை இப்போது. எல்லாம் ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ். கண்ட்ரோலரை வயர் நுழையும் பக்கம் கீழே பார்க்கும்படி வைத்தோம். வயர் ஒரு வளைவு தொங்கி மேலேறினால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. கட்-ஆஃப் உள்ள பிரேக் பிடிகள் இரண்டையும் வேறு கடையில் தேடி வாங்கி மாட்டினோம். அதுவும் போதாது என்று, கட்டைவிரல் எட்டும் இடத்தில் சிவப்புச் சுவிட்சு ஒன்று. அதைத் தட்டினால் மோட்டார் செத்துவிடும். விழுந்த பிறகு அக்கா கேட்டது அது ஒன்றைத்தான்.

பேட்டரிக்குத்தான் நிறையச் செலவு. ஈய பேட்டரி ஐந்தே மாதத்தில் பாதி தூரத்துக்கு வந்துவிட்டது. தினமும் அடிவரை காலி செய்தால் அது அப்படித்தான் ஆகும். லித்தியத்தில் இரும்பு பாஸ்பேட் வகையை எடுத்தோம். 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-மணி, காவல் சர்க்யூட்டோடு. அதைவிட எடை குறைந்த லித்தியம் வகைகள் இருக்கின்றன. ஆனால் அக்கா வீடு ஓலைக்கூரை. சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து இந்த வகையில் குறைவு. அதற்கென்றே 43.8 வோல்ட் சார்ஜர் தனியாக வாங்கினோம், பழைய சார்ஜரை யாரும் எடுத்துச் சொருகிவிடக் கூடாது என்று உடைத்தே போட்டோம். சார்ஜ் போடுவது பாடசாலையில்தான், கண் முன்னால். ஒரு தடவைக்கு அரை யூனிட் சொச்சம்.

பாதுகாப்பு என்று தேடினால் எல்லோரும் திருட்டைப் பற்றியே சொல்கிறார்கள். தடித்த சங்கிலி, அலாரம். எங்கள் பிரச்சினை வேறு. இந்த வண்டியை யாரும் திருடிக்கொண்டு போக மாட்டார்கள். இது ஓடக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே வெளியே தெரிந்த வயர்களை எல்லாம் வளையும் இரும்புக் குழாய்க்குள் விட்டு பிரேமோடு பட்டை போட்டு இறுக்கினோம். பேட்டரியும் கண்ட்ரோலரும் பூட்டுள்ள தகரப் பெட்டியில். பேட்டரி கழன்று வரும், அக்கா வகுப்புக்குள் கையோடு எடுத்துப் போய்விடுவார். பெட்டித் திருகுகள் ஒவ்வொன்றின் மேலும் நகப்பூச்சு வைத்திருக்கிறோம். யாராவது திருகினால் பூச்சு விரியும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லா இணைப்பையும் தேதியோடு போட்டோ எடுத்துவைக்கிறோம். பிரேம் எண்ணும் குறித்திருக்கிறது. இனி எது அறுந்தாலும் கை வைக்காமல் முதலில் படம். இதை எங்களுக்கு நாங்களே எழுதி பாடசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

புது வண்டியைக் கொடுத்த அன்று ஒரு சங்கடம் நடந்தது. பேட்டரி எடை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அக்கா பிடித்துத் தள்ளிப் பார்த்தார், லேசாக உருண்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த முறை விட்டுவிடாமல் கேட்டோம்: அக்கா, இவ்வளவு ஆன பிறகு உங்களுக்கு இது வேண்டுமா, வேறு வழியாகச் சுற்றிப் போகலாமா, எங்களில் ஒருவர் கூட வரட்டுமா? முதல் முறை மோட்டார் போடும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முட்டிவலிக்கு மருந்து என்று நாங்கள் முடிவு செய்த காரியத்தில் கை உடைந்தது அவருக்கு.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "நாளைக்கு சொல்றேன்" என்றார். மறுநாள் மாலை, நாங்கள் பாடசாலைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது. தெருவில் இறங்கினீர்களா என்று நாங்கள் கேட்கவில்லை. டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த எட்டாம் வகுப்புப் பையன்தான் வந்து சொன்னான், அக்கா மணி அடிச்சிக்கினே போச்சி என்று.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மருத்துவச் சான்றோடு மனு அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. மனு ரசீது பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது காலனியிலிருந்து ஒரு தங்கை தன் சைக்கிளுக்கும் மோட்டார் கேட்டிருக்கிறாள். அவள் அம்மாவிடமும் பேசிவிட்டு, முதலில் அந்தத் தகடு இரண்டையும் லேத்தில் வெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.