ஒரு லிட்டர் உதைக்குது!

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று நீங்கள் இப்போது நினைப்பதைத்தான் நானும் கேட்டேன். கேட்ட இடம், அமெரிக்காவில் செஸபீக் விரிகுடா ஓரம் இருக்கும் அனாபொலிஸ். பதில் சொன்னவன் என்னோடு பி.காம். படித்தவன். பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

"கடல்ல காத்து நின்னா சும்மா உட்காரலாம். இங்க ரெண்டு பக்கமும் அடுத்தவன் படகு. பாயை விரிச்சுக்கிட்டு நுழைஞ்சா சொத்தை எழுதிக் கொடுக்கணும்டா."

அக்டோபர் மாதம். குளிர் வருவதற்குள் எஞ்சினின் பழைய கூலன்ட்டை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, அது போதாதா? சில படகுகளில் அதுதானாம். ஆனால், உப்பு இரும்பைத் தின்றுவிடும். அதனால் இவன் படகில் எஞ்சினுக்குள் சுற்றுவது கூலன்ட். வெளித்தண்ணீர் குழாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து, சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, புகையோடு வெளியே போய்விடும். சுடு பால் டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றுவோமே, அதே சமாச்சாரம்.

கூலன்ட் என்பது பாதி எத்திலீன் கிளைகால், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர். மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெறும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவிகிதம் பருத்து, எஞ்சினையே பிளந்துவிடும்.

முதலில், படகின் அடித்தட்டில் சேரும் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் பம்ப்பை அணைத்தான். சிந்தியது விரிகுடாவுக்குப் போய்விடக் கூடாதே! வடித்ததை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து கேனில் ஊற்றுவது என் வேலை. வேறு எதற்கும் நான் லாயக்கில்லை என்பது அவன் தீர்மானம்.

பக்கத்துப் படகு நாய் வாலாட்டிக்கொண்டு கேன் பக்கம் வந்தது. கல்லூரியில்கூட அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "இது தித்திக்கும்டா. கொஞ்சம் நக்கினாலே கிட்னி போயிடும், செத்துடும்!" மூடியை இறுக்கினேன். அதன் பிறகு நாயைக் கண்காணிப்பதும் என் வேலையாயிற்று.

வடித்தது ஐந்து லிட்டர். புதிது நாலு லிட்டர் ஊற்றியதுமே வாய் வரை நிரம்பிவிட்டது.

"ஒரு லிட்டர் உதைக்குதேடா..."

"ஆடிட்டர் வந்துட்டாருப்பா" என்று சிரித்தபடி எஞ்சினைக் கிளப்பினான். சிறிது நேரத்தில் வெப்பமானி முள் ஏற ஆரம்பித்தது. நிற்கவில்லை. அவசரமாக அணைத்தான்.

சூட்டோடு மூடியைத் திறந்தால் முகத்தில் பீச்சியடிக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். குளியலுக்கு வெந்நீர் போடும் தொட்டிக்கு எஞ்சினிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலேறிப் போகிறது. அதன் உச்சியில் காற்று சிக்கியிருந்தது. முடிச்சைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று சத்தம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, காணாமல் போன அந்த ஒரு லிட்டரும் உள்ளே இறங்கியது. அவன் என்னைப் பார்க்காமலே ஊற்றினான்.

மறுநாள் காலை படகைக் கரையேற்றக் கொண்டுபோனோம். ஸ்பா கிரீக்கில் ஒரு தூக்குப் பாலம். படகு வந்தால் சாலையை மறித்துப் பாலத்தைத் தூக்குவார்கள். கார்களெல்லாம் எங்களுக்காக நின்றன. காற்று துளிக்கூட இல்லை. பாலம் எப்படித் திறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நாங்கள் இரண்டு பேருமே முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.