தெருவே கேட்ட ரேடியோவும் ஒத்தையில பார்க்கிற போனும்

சம்பா நடவு முடிஞ்சு முதல் களையும் எடுத்தாச்சு. ரெண்டு நாளா மழை விட்டிருக்கு. கொஞ்சம் நேரம் கிடைச்சதால, ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

எங்க தஞ்சாவூர் ஜில்லாவுல ஒரு காலத்துல "ரேடியோ நெல்லு"ன்னு ஒரு நெல் இருந்துச்சு. இந்தக் காலத்துப் பசங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. அதோட உண்மையான பேரு ஆடுதுறை 27. ஜப்பான் ரகத்தையும் நம்ம நாட்டு ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து, 1960-களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்த குறுகிய கால நெல். திருச்சி வானொலி அதைப் பத்தி விடாம சொல்லிக்கிட்டே இருந்தது. எப்ப விதைக்கணும், எவ்வளவு உரம் போடணும், எப்ப அறுக்கணும்னு ஒவ்வொண்ணா சொன்னது. கேட்ட ஜனங்க விதை தேடிப் போனப்ப நம்பர் யாருக்கும் ஞாபகம் இல்ல. "ரேடியோவுல சொன்னாங்களே, அந்த நெல்லு"ன்னு கேட்டாங்க. அப்படியே பேரு நிலைச்சுப் போச்சு. சேதி சொன்ன பொட்டியோட பேரையே நெல்லுக்கு வைக்கிற அளவுக்கு ஜனங்களுக்கு அது மேல நம்பிக்கை இருந்திருக்கு.

எங்க அப்பா காலத்துல ரேடியோ வச்சிருக்கவே தபால் ஆபீசுல பணம் கட்டி லைசென்ஸ் வாங்கணும். தெருவுல ரெண்டு மூணு வீட்டுலதான் ரேடியோ இருக்கும். மத்தவங்களுக்கு பஞ்சாயத்து ரேடியோதான். கட்டடத்து மேல கூம்பு குழாய் வச்சு ஊருக்கே கேட்கிற மாதிரி போட்டிருப்பாங்க. விளக்கு வைக்கிற நேரத்துக்கு விவசாய நிகழ்ச்சி வரும். மாட்டைக் கட்டிட்டு, கைகால் கழுவிட்டு, துண்டை உதறிப் போட்டு உட்காருவாங்க. எங்க வீட்டு டிரான்சிஸ்டர்ல முள்ளு எப்பவும் திருச்சி 936-லயே நிக்கும். வேற ஸ்டேஷன் மாத்தினா அப்பாகிட்ட திட்டுதான். அவர் வயலுக்குப் போனப்புறம் நாங்க திருட்டுத்தனமா இலங்கை வானொலியில பாட்டு கேட்போம். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுறேன்.

அந்த நிகழ்ச்சி அரைமணி நேரம்தான் ஓடும். முடிஞ்சதும் ரேடியோவை அணைச்சிடுவாங்க. ஆனா பேச்சு அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். "யூரியாவை மூணு தடவையா பிரிச்சுப் போடச் சொல்றான், நம்ம மணல் பூமிக்கு நாலா பிரிச்சாத்தான் சரிப்படும்"னு ஒரு மாமா சொல்லுவாரு. "போன வருஷம் நான் அப்படித்தான் போட்டேன், பயிர் படுத்துப் போச்சு"ன்னு இன்னொருத்தர் மறுப்பாரு. திண்ணையில அரைமணி நேரம் சண்டை நடக்கும். காலையில டீக்கடையில மிச்சம் தொடரும். ஆபீசர் புஸ்தகத் தமிழ்ல சொன்னது, எங்க ஊரு மண்ணுக்கு ஏத்த மாதிரி அந்தச் சண்டையிலதான் திருத்தமாகும். சந்தேகம் தீரலன்னா 15 காசு கார்டுல எழுதிப் போடுவாங்க. சில வாரம் கழிச்சு பேரும் ஊரும் சொல்லி ரேடியோவுல பதில் வரும். அன்னைக்கு அந்த ஆளு தெருவுல நடக்கிற நடையே வேற மாதிரி இருக்கும்.

இப்ப கையில போன் இருக்கு. அதனால வந்த நல்லதை நான் மறைக்க மாட்டேன். மேட்டூர் அணையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு காலையில படுக்கையில இருந்தே பார்த்துடறேன். அறுவடை மெஷினுக்குப் போன்லயே சொல்லி வைக்கிறேன். வேளாண் பல்கலைக்கழகத்தோட பக்கத்துல பூச்சி, நோய் படமெல்லாம் தெளிவா இருக்கு. ஆனா ஒரு சேதி தேடப் போனா என்ன ஆகுது? அதுக்கு முன்னாடி ரெண்டு விளம்பரம். அப்புறம் "விவசாயிகளே உஷார்"னு சிவப்பு எழுத்து. உள்ள போனா பதினஞ்சு நிமிஷம் கதை, விஷயம் ஒரு நிமிஷம். அது முடியறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்குது. ரேடியோ "நிகழ்ச்சி நிறைவடைந்தது"ன்னு சொல்லி நம்மளை வயலுக்கு அனுப்பும். இது நம்மளை வரப்புலயே உட்கார வச்சிடுது.

இதெல்லாம் வெறும் எரிச்சல்னா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் ஆறு மா நிலத்தை குத்தகைக்கு எடுத்து சம்பா போட்டிருந்தான். அதுல நடந்ததைச் சொல்றேன். பொதி கட்டுற நேரத்துல வயல் நடுவுல வட்டமா தீஞ்ச மாதிரி காஞ்சுது. புகையான். அவன் யார்கிட்டயும் கேட்கல. ராத்திரி போன்ல ஒரு வீடியோ பார்த்து, அதுல சொன்ன மருந்தை காலையிலயே வாங்கியாந்து, பயிர் மேல மழை மாதிரி அடிச்சுட்டான். அது செயற்கை பைரித்ராய்டு வகை மருந்து. வேற பயிருக்கு, வேற பூச்சிக்கு அடிக்கிறது.

புகையானைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும்னு தெரியும். அந்தப் பூச்சி மேல இருக்காது, தூர்ல தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சும். மேல அடிச்ச மருந்து அதுகிட்ட சரியாப் போய்ச் சேராது. ஆனா அதைத் தின்னுக்கிட்டிருந்த சிலந்தி, நாவாய்ப்பூச்சியெல்லாம் செத்துடும். காவல்காரனைக் கொன்னுட்டு திருடனை உள்ள விட்ட கதைதான். பத்து நாள்ல ரெண்டு வட்டம் இருபது வட்டமாச்சு. ஆறு மாவுல நாலு மா போச்சு. குத்தகை நெல்லை அளக்க, பொண்டாட்டி தோட்டை அடகு வச்சான்.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, இதுக்கான வழி எங்க ஊருல பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். தண்ணியை வடிச்சு விடு. யூரியாவை நிறுத்து. 8 அடிக்கு 1 அடி பட்டம் விலக்கி காத்தும் வெளிச்சமும் போக விடு. மருந்துதான்னு ஆனா தூர்ல படுற மாதிரி அடி, பைரித்ராய்டு மட்டும் கிட்டக்கூட கொண்டு போகாத. இதைப் பாதிக்கு மேல அவங்க ரேடியோவுல கேட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. அவன் வீட்டுக்கு எதிர் வீட்டுலயே அப்படி ஒரு பெரியப்பா இருக்காரு. "ஏன்டா தம்பி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"ன்னு அவர் கேட்டப்ப, "வீடியோவுல பார்த்தேன் பெரியப்பா, நாலு லட்சம் பேரு பார்த்திருக்காங்க"ன்னான். நாலு லட்சம் பேரு பார்த்தது சரிதான். ஆனா நம்ம தெருவுல அதை அவன் ஒருத்தன்தான் பார்த்தான். அந்த நாலு லட்சம் பேர்ல ஒருத்தன்கூட அவன் வயல்ல இறங்கிப் பார்த்தவன் இல்ல.

இங்கதான் வித்தியாசம்னு எனக்குப் படுது. ரேடியோ சொன்னது எல்லாமே வேதம் இல்ல. அதே ரேடியோதான் உரத்தையும் மருந்தையும் அள்ளிப் போடுற பழக்கத்தை நம்ம வீட்டுக்குள்ள கொண்டுவந்தது. அந்த ரேடியோ நெல்லு மாதிரி புது ரகங்க வந்துதான் எத்தனையோ பாரம்பரிய நெல் வயலை விட்டுப் போச்சு. அதனால அந்தக் காலமே பொற்காலம்னு நான் சொல்ல வரல. ஆனா சரியோ தப்போ, அதை ஊரே ஒரே நேரத்துல கேட்டது. கேட்டதால பேசுச்சு. தப்பா இருந்தா ஒருத்தர் இல்லன்னா ஒருத்தர் மறுத்துச் சொல்ல வழி இருந்துச்சு. இப்ப ஆளுக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு சேதி. பக்கத்து வயல்காரன் நேத்து ராத்திரி என்னத்தைப் பார்த்தான்னு நமக்குத் தெரியாது. மருந்து வாசம் அடிக்கும்போதுதான் தெரியுது.

கஜா புயலையும் சொல்லணும். 2018 நவம்பர் 16 விடியக்காலம் வேதாரண்யம் பக்கம் கரையைத் தொட்டுச்சு. எங்க கடைமடைப் பக்கம் தென்னை மரமெல்லாம் சாய்ஞ்சு கிடந்துச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல, எல்லார் போனும் செத்துப் போச்சு. பரண்ல கிடந்த டிரான்சிஸ்டரை எடுத்து ரெண்டு செல்லு போட்டேன். கரகரன்னு செய்தி வந்துச்சு. எங்க வாசல்ல இருபது பேரு நின்னு கேட்டாங்க. கேட்டு முடிச்சதும், எந்த வீட்டுல அரிசி இருக்கு, யாருக்கு ஓடு பறந்துச்சு, சாலையில விழுந்த மரத்தை யார் வெட்டுறதுன்னு அங்கயே நின்னு பேசி முடிச்சோம். பல வருஷத்துக்கு அப்புறம் எங்க தெரு ஒரே சேதியை ஒண்ணா நின்னு கேட்டது அன்னைக்குத்தான்.

சரி, போனைத் தூக்கிக் குளத்துல போட முடியுமா? முடியாது. அதனால எங்க டீக்கடையில ஒரு சின்னப் பழக்கம் வச்சிருக்கோம். யாராவது விவசாய வீடியோ பார்த்தா, அதை வயலுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி கடைக்குக் கொண்டு வரணும். சத்தமா எல்லாருக்கும் போட்டுக் காட்டணும். மூணு கேள்வி கேட்போம். இது எந்த ஊரு மண்ணு? எந்த வருஷம், எந்தப் பட்டம்? பேசுறவன் பயிர் வச்சவனா, மருந்து விக்கிறவனா? மூணுக்கும் பதில் இல்லன்னா அது சினிமா மாதிரி, பார்த்துட்டு விட்டுட வேண்டியதுதான்.

சித்தப்பா மகன் இந்த சம்பாவுக்கும் அதே நிலத்தைத்தான் குத்தகைக்குப் பிடிச்சிருக்கான். நடவு அன்னைக்கே 8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டுட்டான். போன வாரம் தூர்ல ரெண்டு பூச்சியைப் பார்த்ததும் நேரா கடைக்கு வந்து, "பெரியப்பா, கொஞ்சம் வயலுக்கு வாங்க"ன்னு கூப்பிட்டான். அவர் டீயைப் பாதியில வச்சுட்டு எழுந்து போனாரு.

உங்க ஊருலயும் அப்படி ஒரு பெரியப்பா இருப்பாரு. மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி அவரை ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க.