கோடையும் எமது புற்றரையும்

பேராதனைப் பூந்தோட்டத்தைக் கண்டு திரும்பும் யாழ்ப்பாணத்தவர் சிலருக்கு ஒரு நோய் தொற்றிக்கொள்வதுண்டு. மருத்துவ நூல்களில் அதற்குப் பெயரில்லை. தம் வீட்டு முற்றத்திலும் ஒரு பசும் புற்றரை வேண்டும் என்னும் ஆசையே அந்நோய். இரண்டாண்டுகளுக்கு முன்பு ஆனி மாதத்தில், உயர்தர வகுப்பு மாணவரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றபோது எம்மையும் அது பற்றிக்கொண்டது.

மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது அத்தோட்டம். 1821ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பவர் அதனைத் தொடக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் அங்கேதான் இயங்கியது. இவற்றையெல்லாம் மாணவருக்கு எடுத்துக் கூறவேண்டுமென்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சென்றோம். ஆனால் நடுவிலுள்ள பெரும் புற்றரையை அடைந்ததும் குறிப்பேடு சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. கிளைகளை நாற்புறமும் பரப்பி நிற்கும் அத்தி இனத்துப் பெருமரம் ஒன்று; அதனைச் சூழ, விரித்த கம்பளம்போன்ற பசும் புல். மாணவர்கள் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு அதன்மேல் நடந்தார்கள். நாற்பது வயதைக் கடந்த நாமும் அவ்வாறே செய்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை.

புல் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரை அணுகி, இதற்கு நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவீர்கள் என்று வினவினோம். அவர் சிரித்துவிட்டு வானத்தைச் சுட்டிக் காட்டினார். ஆண்டிலே ஏறக்குறைய 200 நாள்கள் மழை காணும் இடம் அது. அவர் சுட்டிய விரலின் பொருள் எமக்கு அப்போது விளங்கவில்லை.

திரும்பும் வழியிலாவது விளங்கியிருக்கவேண்டும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை செல்லும் 321 கிலோமீற்றர் நீளமான நெடுஞ்சாலை, படிப்பவருக்கு ஒரு புவியியற் பாடநூலாகும். மாத்தளையின் மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும் பின்னே சென்றன. தம்புள்ளையைக் கடந்ததும் காடு உலர்ந்த காடாயிற்று. வவுனியாவுக்கு வடக்கே புல் மஞ்சளாயிற்று. ஆனையிறவை அடைந்தபோது வெண்மணலும் உப்பு வெளியுமே இருபுறமும் கண்ணைக் கூசச் செய்தன. சோளகக் காற்று பேருந்தின் யன்னல் வழியே புழுதியை அள்ளி வீசிற்று. பசுமை படிப்படியாக இறங்கி வந்ததைக் கண்ணாரக் கண்டும், எமது உள்ளம் மட்டும் பேராதனைப் புல்லின்மீதே உட்கார்ந்திருந்தது.

எமது ஊரிலே முற்றமென்றால் மணல் முற்றந்தான். வைகறையில் எழுந்து, ஈர்க்குமாற்றின் கோடு தெரியக் கூட்டித் தண்ணீர் தெளித்தால்தான் வீட்டுக்கு இலட்சுமி வருவாள் என்பது எமது அன்னையாரின் கொள்கை. முற்றத்தில் ஒரு புல் முளைத்தாலும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அந்த முற்றத்தில், ஏறத்தாழ 1,000 சதுர அடியை, ஐப்பசி மழை தொடங்கியதும் நாம் புல்லுக்கு ஒதுக்கினோம். அகன்ற இலையுடைய புல்லைப் பாய்போற் சுருட்டிக் கொணர்ந்து விற்றார் ஒரு வணிகர். கார்த்திகையிலும் மார்கழியிலும் வாடைக்காற்றோடு வந்த மழை அதனை வளர்த்தது. தைப்பொங்கலுக்கு வந்த உறவினர் யாவரும் அதனைப் புகழ்ந்தனர். எமது இளைய மகள் அதன்மீது படுத்துப் பாடம் படித்தாள். வானம் செய்த வேலைக்கு நாம் பெருமையை ஏற்றுக்கொண்டோம்.

மாசி பிறந்ததும் வானம் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றருக்குமேல் மழை பெய்கின்றதெனினும், அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் சித்திரையிலே சிறு மழை வந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. புல்லின் நுனி வெளிறத் தொடங்கிற்று. நாமோ கூரைமேலிருந்த 1,000 லீற்றர்த் தாங்கியை மாலைதோறும் குழாய்மூலம் புல்லுக்கே வெறுமையாக்கினோம். பார்வைக்கு ஒழுங்காக இருக்கவேண்டுமென்று ஒட்ட வெட்டியும் வந்தோம். இவை இரண்டும் பிழையென்பதைப் பின்னரே அறிந்தோம். நாள்தோறும் மேலாகத் தெளிக்கும் நீர் வேரை மேல்மண்ணிலேயே தங்கச் செய்துவிடும். ஒட்ட வெட்டிய புல்லோ தன் வேரைத் தானே நிழலிட்டுக் காக்க இயலாது வெயிலுக்கு இரையாகும். எவ்வளவுக்கு நீர் விட்டோமோ அவ்வளவுக்குப் புல் நீர் கேட்டது.

இங்கே எமது கிணற்றைப் பற்றிக் கூறவேண்டும். அது எமக்கு மட்டும் உரியதன்று, பங்குக் கிணறு. எமது பாட்டனார் காலத்தில் இரு குடும்பத்தாரும் ஒரே துலாவில் முறை வைத்து இறைத்தார்கள். இன்று துலா இல்லை. இருபுறமும் நீரிறைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. மற்றப் பங்காளர் ஒரு கமக்காரர். எம்மிலும் பத்து வயது மூத்தவர். நாம் அவரை அண்ணை என்றே அழைப்போம். எமது வளவுக்குப் பின்னே அவருடைய வெங்காயத் தோட்டம். அதற்கப்பால் ஒரு மைல் தொலைவில் கடனீரேரி.

ஆனி மாதத்து மாலையொன்றில், நாம் குழாயும் கையுமாக நின்ற வேளை, அவர் வேலிப் பொட்டால் வந்தார். கையிலே ஒரு செம்பு இருந்தது.

“மாஸ்ரர், ஒரு மிடறு குடிச்சுப் பாருங்கோ.”

குடித்தோம். நாக்கிலே மெல்லிய உவர்ப்புத் தட்டியது.

“போன வரியமும் மழை குறைவுதான். ஆனால் ஆனியிலை தண்ணி இப்பிடிச் சவர்க்கேல்லை. வெங்காயத்தாளும் நுனி கருகுது” என்றார்.

புல்லைப் பற்றி ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. எமது கையிலிருந்த குழாயை ஒருமுறை பார்த்தார். செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் நாமும் ஏதேனும் நியாயம் பேசியிருப்போம். ஏசாமையால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுவாரம், எமது கல்லூரியின் புவியியல் ஆசிரியர் தம் மாணவரை நிலாவரைக்கு அழைத்துச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். புத்தூரை அடுத்த நவக்கிரியில் உள்ளது அந்த வற்றாத கேணி. வானரப் படையின் தாகந் தீர்க்க இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஊரார் வழங்கும் கதை. சுண்ணாம்புக்கல் இடிந்து விழுந்தமையால் உண்டான பள்ளம் என்பர் நிலவியலார். அங்கே மேலே உள்ள நீர் நன்னீர். ஆழத்திலே உள்ளது உவர்நீர். ஒரே கேணிக்குள் இரண்டும் ஒன்றன்மேலொன்றாக இருக்கின்றன.

நண்பர் மாணவருக்கு விளக்கினார். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிலே பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கி, அடியிலே ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்தது; ஆதலால் எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல மேலே நிற்கும். கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஒல்லாந்தர் ஒருவரும் செருமானியர் ஒருவரும் தனித்தனியே கண்ட விதி இது. “அப்படியாயின் மேலே ஓரடி குறைந்தால்?” என்று கேட்டான் ஒரு மாணவன். “கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறிவரும். உடனே வராது, ஆனால் வரும்” என்றார் நண்பர். ஓரிடத்தில் விரைந்து இறைத்தால், அவ்விடத்துக்கு நேர்கீழே உவர்நீர் கூம்புபோல் மேலெழும் என்றும் அவர் கூறினார். நாம் கேணியைப் பார்த்தவண்ணம் நின்றோம். எமது கிணற்றின் அடியையே அங்கே கண்டோம்.

வீடு திரும்பியதும் கணக்கிட்டோம். நாளொன்றுக்கு 1,000 லீற்றர். நான்கு மாதங்களுக்கு ஏறத்தாழ 120,000 லீற்றர். குடிக்கவும் சமைக்கவும் எமது வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு குடம், அதாவது 30 லீற்றர் போதும். புல் குடித்த நீர் எமது குடும்பத்துக்குப் பதினோராண்டுகளுக்கு அடுப்படியில் உதவியிருக்கும்! எமது புற்றரை ஒன்றே கிணற்றை உவராக்கிற்று என்பது மிகையாகும். சுற்றுப்புறமெங்கும் இயந்திரங்கள் இறைக்கின்றன, அண்ணையின் தோட்டமும் இறைக்கின்றது, மழையும் குறைந்திருந்தது. எனினும் அவர் இறைத்தது ஊர் உண்ணும் வெங்காயத்துக்கு. நாம் இறைத்தது வருவோர் புகழ்வதற்கு. வெங்காயமோ உவர்நீரைச் சிறிதும் தாங்காத பயிர்.

அன்றோடு குழாயைச் சுருட்டி வைத்தோம். பத்து நாளில் புற்றரை வைக்கோல் நிறமாயிற்று. “அப்பா, புல் செத்துப்போச்சோ?” என்று இளைய மகள் கண் கலங்கினாள். அவளுக்கு விடை கூறுவதற்காகவே புல்லைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். நாம் அறிந்தவற்றுள் வாசகர்க்குப் பயன்படுவனவற்றை இங்கே சொல்லுவோம்.

பழுப்பு நிறமான புல் எல்லாம் இறந்த புல் அன்று. பல வகைப் புற்கள் கோடையிலே இலையைக் கைவிட்டு, தண்டின் அடியிலும் வேரிலும் உயிரை ஒடுக்கிக்கொண்டு உறங்கும். புற்றரைக்குப் பேர்போன இங்கிலாந்திலேயே 1976ஆம் ஆண்டுக் கோடையில் புற்றரைகள் யாவும் பழுப்பாயின. நீரைச் சிக்கனப்படுத்தத் தனிச்சட்டமே இயற்றினார்கள். மழை வந்தபின் பசுமை மீண்டது. ஆகவே கோடையில் புல்லைப் பசுமையாக வைத்திருத்தல் எமது கடமையன்று. உயிரோடு வைத்திருந்தாற் போதும். அதற்கு, புல்லை உயரமாக விட்டு வெட்டவேண்டும். ஒரே முறையில் மூன்றிலொரு பங்குக்குமேல் வெட்டலாகாது. வெட்டிய துணுக்குகளை அவ்விடத்திலேயே விட்டால் மண்ணின் ஈரம் காக்கும். உறங்கும் புல்லின்மீது அடிக்கடி நடத்தலும் ஆடுமாடு கட்டுதலும் ஆகா. நீர் விடுவதாயின், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வைகறையில், மண்ணின் ஆழத்துக்கு இறங்கும்படி விடுதல் வேண்டும். அரிசியும் காய்கறியும் கழுவிய நீரே எமக்கு இதற்கு உதவிற்று.

இவ்வளவு செய்தும் அந்த வணிகரின் புல்லிற் பெரும்பகுதி மீளவில்லை. நிழலும் ஈரமும் விரும்பும் இனமாம் அது, அதன்மேற் குற்றமில்லை. ஆனால் ஆவணி மாதத்தில், கிணற்றடி வாய்க்காலின் ஓரத்திலிருந்து வேறொன்று ஊர்ந்து வந்ததைக் கண்டோம். பிள்ளையாருக்கு நாம் நாள்தோறும் சாத்தும் அறுகு! மண்ணுக்குள்ளே தண்டும், மண்ணின்மேலே கொடியுமாக ஓடி, கணுவுக்குக் கணு வேரூன்றும் புல் அது. ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடுக என்று மணமக்களை வாழ்த்தும் நாம், அந்த அறுகையே களையென்று பிடுங்கி எறிந்துவிட்டு, பாய்விலை கொடுத்து வேறு புல் வாங்கினோம். அன்னையார் இதனைக் கேட்டுச் சிரித்தார்கள். “நான் பிடுங்கினது போதும், இனி விடு” என்றார்கள்.

ஐப்பசி மழையோடு அறுகு முற்றத்தின் பாதியை மூடிவிட்டது. மற்றப் பாதியை அன்னையாரின் ஈர்க்குமாற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம். பேராதனைக் கம்பளம் அன்று அது. ஆங்காங்கே மண் தெரியும். இந்தக் கோடையில் மறுபடியும் பழுப்பாயிற்று. மகள் இப்போது அழுவதில்லை. “புல் நித்திரை கொள்ளுது” என்று தோழியருக்கு விளக்கம் கூறுகிறாள்.

சென்ற மார்கழியில் ஒருநாள் அண்ணை மீண்டும் அந்தச் செம்போடு வேலிப் பொட்டால் வந்தார். குடித்துப் பார்த்தோம். உவர்ப்பு முற்றாக நீங்கவில்லை. நாக்கின் ஓரத்திலே சிறிது நின்றது.

“ஒரு மாரியிலை போகாது மாஸ்ரர். இன்னும் ஒண்டு ரண்டு மாரி வேணும்” என்றார்.

பின்னர் திண்ணையில் அமர்ந்து, எம்மோடு தேநீர் அருந்திவிட்டே சென்றார்.