சிங்கராஜ வனத்திலிருந்து ஹிக்கடுவைக் கடலுக்கு

"அட்டை கடித்து இரத்தம் வடிந்தால் வுழூ முறியுமா, மௌலவி?"

காட்டுக்குள் நுழைந்து கால் மணித்தியாலம் ஆகவில்லை, பின்னாலிருந்து ஒரு சகோதரியின் கேள்வி வந்துவிட்டது. நமது ஷாஃபி மத்ஹபில் முறியாது, உடுப்பைக் கழுவிக்கொள்ளுங்கள் என்றேன். என் காலிலும் இரண்டு ஏறியிருந்தன.

ஜனவரி இறுதியில் எங்கள் மத்ரஸா ஆசிரியர்களின் ஆறு குடும்பங்கள் ஒரு பஸ்ஸில் தெனியாயவுக்குப் போய், பிட்டதெனிய வாசலால் சிங்கராஜ வனத்தினுள் சென்றோம். வழிகாட்டியோடுதான் போகவேண்டும். எமக்கு வந்தவர் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள இளைஞர். பெண்கள் "மல்லி" என்றே அழைத்தார்கள். காலுறையில் சவர்க்காரம் பூசச் சொன்னார், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வரச் சொன்னார். முதலாவது எளிது.

சத்தம் அடங்கிய பிறகுதான் பறவைகள் வந்தன. இங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடுகின்றன. நீல உடலும் சிவந்த சொண்டுமாக ஒன்று தலைக்கு மேலால் போனது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவையாம். இந்த வனத்து மரங்களிலும் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை அப்படிப்பட்டவையே.

மல்லி ஒரு தடித்த கொடியைக் காட்டினார். வெனிவெல்! காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு அவிக்கிறோமே, அதேதான். கடையில் காய்ந்த துண்டாகக் கண்டது, இங்கே மரத்தில் சுற்றி ஏறி நிற்கிறது. என் மனைவி ஒரு சிறு துண்டு கேட்டார்.

"ஒரு இலைகூட முடியாது, அக்கே."

கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது என்று பிறகு சொன்னார். 1970களில் பிளைவூட் பலகைக்காக இந்தக் காட்டில் மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்த்து நின்றதால் அது நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றது.

அன்றிரவு காலியில் உறவினர் வீட்டில் தங்கி, காலையில் ஹிக்கடுவைக்குப் போனோம். கண்ணாடிப் படகு பெண்களுக்கு வசதியானது, தண்ணீரில் இறங்காமலே கடலடியைப் பார்க்கலாம். மீன்கள் ஏராளம். ஆனால் முருகைக்கல்லில் பெரும்பகுதி சாம்பல் நிறமாகக் கிடந்தது. அது கல்லல்ல, சின்னஞ்சிறு பிராணிகள் கட்டியெழுப்பிய வீடு. அவற்றின் உடலுக்குள் வாழும் பாசிதான் நிறமும் உணவும் கொடுக்கிறது. கடல் சூடேறினால் பாசி நீங்கி, முருகை வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் செத்துவிடும். 1998இல் இங்கு நடந்தது அதுதான்.

கரையில் என் இளைய மகள் ஒரு முருகைத் துண்டைப் பொறுக்கினாள். படகுக்காரர் வயதானவர். "ஹாஜியார், அதை அங்கேயே போடச் சொல்லுங்கள்" என்றார். செத்த கல்தானே என்றேன். அவர் வடக்கே கையைக் காட்டினார். பெரலிய அந்தப் பக்கம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி ரயிலைப் புரட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இடம். அங்கே முருகைக்கல்லை வெடிவைத்து அள்ளியிருந்தார்கள். ஹிக்கடுவையில் அது பாதுகாக்கப்பட்டிருந்தது. ஹிக்கடுவையில் அலை ஏறக்குறைய 50 மீற்றர்தான் உள்ளே வந்தது, பெரலியவில் ஒன்றரைக் கிலோமீற்றர் என்று 2005இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அள்ளியதெல்லாம் எங்கே போனது? சூளைக்கு. சூளையிலிருந்து சுண்ணாம்பாக வீடுகளுக்கு. பெருநாளைக்கு முன் வாப்பா சுவருக்கு அடித்த வெள்ளை எங்கிருந்து வந்ததென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உம்மும்மாவின் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பையும்தான்.

மகள் துண்டைத் திருப்பி வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றாள். உள்ளே, பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில், வாப்பா காலத்து முருகைக்கல் ஒன்று இருக்கிறது.

"இதையும் கொண்டுபோய் வைப்போமா, வாப்பா?" என்றாள்.