ஒரு பூட்டும் ஐந்து திறப்புகளும்

வாடகை வீட்டில் இருப்பவர்க்குக் குறை கூறும் துணிவு எளிதில் வருவதில்லை. இருக்க ஓரிடம் கிடைத்ததே என்ற எண்ணம் நாவைக் கட்டிவிடுகிறது. ஆசிரியத் தொழிலின் பொருட்டு மன்னார்ப் பட்டினத்துக்கு மாற்றலாகி வந்த நானும் ஈராண்டு காலம் அவ்வாறே வாய்மூடியிருந்தேன்.

எங்களுடையது ஐந்து குடித்தனங்கள் கொண்ட மாடிக் கட்டிடம். கீழே நானும் மீன் வியாபாரி ஒருவரும். மேலே கட்டார் நாட்டில் தொழில் புரியும் ஒருவரின் மனைவி மக்களும், வங்கி எழுதுவினைஞர் ஒருவரும் அவர் மனைவியும், தனித்து வாழும் தாதி ஒருத்தியும். முன்வாயிலில் இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அதை இருந்தது என்று சொல்வதே உபசாரம். உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. கீல் அற்று, மதிலில் சாய்ந்து, மூட இயலாத நிலையில் அது நின்றது. மன்னாருக்குப் பேர்போன கழுதைகள் இரவில் தாராளமாக உள்ளே வந்து படிக்கட்டின் கீழே படுத்துக்கொள்ளும். ஊரிலிருந்து வரும் உறவினர்க்கு அதைக் காட்டி நாங்கள் சிரிப்பதும் உண்டு.

வாடைக் காற்று தொடங்கிய ஒரு மாதத்தில், இரவு ஒன்பது மணிக்குப் பின் அந்தத் தாதி வேலை முடிந்து வந்தாள். படிக்கட்டு விளக்கு அணைந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. நடுப்படியில் கருமையாய் ஏதோ கிடக்கக் கண்டு, கழுதையென எண்ணி அதட்டினாள். அது எழுந்து நின்றது. அவளைத் தள்ளிவிட்டு, கைப்பையையும் பறித்துக்கொண்டு ஓடியது. அவளுடைய வலக்கை மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டது.

அவ்விளக்கு எரியவில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் நான் கீழ்வீட்டுக்காரன். படியேறும் தேவை எனக்கில்லை. இதனை இங்கே எழுதும்போதும் நாணமாகவே இருக்கிறது.

மறுநாள் அவளே கேட்டாள்: "மாஸ்டர், நாங்கள் ஐந்து வீட்டாரும் சேர்ந்து கேட்டால் என்ன?"

கதவு, விளக்கு, பூட்டு, இரவுக் காவலாளி என நான்கு வேண்டுகோள்களுடன் கடிதம் எழுதினேன். மீன் வியாபாரி மட்டும் ஒப்பமிடத் தயங்கினார். மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருப்பவர் எந்த முகத்தோடு கேட்பது என்றார். இரண்டு நாட் கழித்துத் தாமே வந்து ஒப்பமிட்டார்.

சட்டம் பயிலும் என் பழைய மாணவன் ஒருவனிடம் ஆலோசனை கேட்டேன். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பெரும்பாலும் வாடகைத் தொகையையும் குடியெழுப்புதலையும் பற்றியது என்றான். ஆனால், 1658இல் மன்னார்க் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம், வாடகைக்கு விட்ட பொருளை அதன் பயனுக்கு ஏற்ற நிலையில் பேணுவது உரியவரின் கடமை என்கிறதாம். மேலும் ஒரு வழக்கைச் சொன்னான். அமெரிக்க நாட்டு வாஷிங்டன் நகரில், 1959இல் ஒரு பெண் குடியேறியபோது வாயிலில் இரவும் பகலும் காவலாளி நின்றார். 1966இல் காவலாளி இல்லை. ஆனால் களவும் தாக்குதலும் பெருகியிருந்தன. அவ்வாண்டு நவம்பரில் அக்கட்டிடத்தின் பொது நடையிலேயே அவள் தாக்கப்பட்டுப் பொருளையும் இழந்தாள். பொதுவழிகளைக் காக்கும் வல்லமை வீட்டுக்காரருக்கே உண்டு, ஆகவே பொறுப்பும் அவருக்கே என்று 1970இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அந்நாட்டுத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. எனினும் எனக்கு நெஞ்சில் உரம் பிறந்தது.

வீட்டுக்காரர் எழுபதைக் கடந்தவர், கெட்டவரல்லர். கடிதத்தை இருமுறை வாசித்துவிட்டு, "மாஸ்டர், 1990இல் நான் என் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவன். திரும்பி வந்தபோது பூட்டுமில்லை, கதவுமில்லை, கூரையுமில்லை. அதன்பிறகு பூட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்றார்.

ஒல்லாந்தர் சட்டத்தை இதற்குமேல் எங்ஙனம் எடுப்பது? நான் வாயடைத்துப் போனேன். தாதிதான் பேசினாள்: "ஐயா, அது சண்டைக் காலம். இது ஒரு மின்குமிழ்."

அவர் அவளுடைய கட்டுப்போட்ட கையை நெடுநேரம் பார்த்தார். "வலிக்குதா பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

பத்து நாட்களுள் புதுக் கதவு வந்தது. மூன்று விளக்குகள் எரிந்தன. காவலாளிக்குச் சம்மதிக்கவில்லை, அச்செலவை எண்ணினால் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பூட்டைத் தாமே கொண்டுவந்து மாட்டி, வீட்டுக்கு ஒன்றாக ஐந்து திறப்புகளையும் எண்ணிக் கொடுத்தார்.

முதல் வாரத்திலேயே என் திறப்பை மேசைமேல் மறந்துவிட்டேன். இரவு எட்டு மணிக்கு வாயிலில் நான் நின்றேன். என் அருகே, உள்ளே போக வழியறியாமல், பழகிய கழுதை ஒன்றும் நின்றது. மேலே வெளிச்சத்தில் தாதி தோன்றினாள். என்னை நன்கு தெரிந்தும், இறங்கி வருமுன் உரத்த குரலில் கேட்டாள்:

"ஆரது?"